மதகடி மடு மீன் விஷயமாகச் சம்பந்திக்கு எழுதியது

திண்டிவனம் வட்டம்,
ஐப்பசி மாதக் கடைசி, செவ்வாய்க்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி தேவநாதன் அவர்களுக்கு, கோதண்டபாணி கைகூப்பி எழுதிக்கொள்வது. இவ்விடம் எனக்கு ஜலதோஷம், அஞ்சம்மாளுக்கு முட்டிவலி, தங்கள் மகள் கலைப்பிரியாவும் என் மகன் செல்வகுமாரும் சுகம். அவ்விடம் தங்கள் சுகமும், சம்பந்தியம்மாள் சுகமும், தங்கள் சர்க்கரையின் அளவும் அறிய ஆவல்.

விழுப்புரம் ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில் இருக்க, கையில் போனும் இருக்க, இந்த மனுஷன் எதற்காகக் கடுதாசி எழுதுகிறான் என்று தாங்கள் நினைக்கலாம். போனில் சொல்ல மூன்று முறை முயன்றேன். முதல் முறை தாங்கள் வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டுவிட்டீர்கள், பின்னால் நாலு பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது. இரண்டாம் முறை சம்பந்தியம்மாள் எடுத்தார்கள், அவர்களிடம் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். மூன்றாம் முறை நான் வாயைத் திறப்பதற்குள் தாங்கள், "சம்பந்தி, ஞாயித்துக்கிழமைக்கு வேன் சொல்லிட்டேன், நம்ம வாக்கிங் குரூப்ல பதினாலு பேரு, விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டுனதும் போன் அடிக்கிறேன், அடுப்ப பத்த வெச்சிடுங்க, அன்னிக்கு வெச்ச அதே மடு மீன் கொழம்பு" என்றீர்கள். அந்த வேன் வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். காரணத்தைக் கீழே எழுதுகிறேன். படித்த பிறகு என் முகத்தில் முழிக்க வேண்டாம் என்று தாங்கள் முடிவு செய்தாலும் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகளை மட்டும் இதில் இழுக்காதீர்கள்.

எங்கள் ஏரியைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். மேலே அணையைத் திறந்தால் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து எங்கள் ஏரி வாயில்தான் விழும். விழுகிற இடத்தில் ஒரு ஆள் ஆழத்துக்குப் பள்ளம், அதைத்தான் மதகடி மடு என்கிறோம். ஐப்பசியில் புதுத் தண்ணீர் வந்ததும் சினைக் கெண்டைகள் ஏரியிலிருந்து எதிர்நீச்சல் போட்டு வந்து அந்த மடுவில்தான் அடைந்து நிற்கும். அந்தச் சமயத்தில் வலை வீசினால் மூட்டை மூட்டையாக வரும். அப்படி வீசி வீசித்தான் ஏரியில் மீன் அற்றுப்போனது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நான் பி.டி. மாஸ்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஊதுவதற்கு விசில் இருந்தும் ஓடுவதற்குப் பிள்ளைகள் இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது, ஊரார் ஏரி மீன் பாதுகாப்புக் குழு ஒன்று அமைத்து என்னைத் தலைவராகப் போட்டார்கள். ஐப்பசி ஒன்று முதல் கார்த்திகை முடிய மடுவில் யாரும் மீன் பிடிக்கக் கூடாது என்று தீர்மானம். 'சினை மீன் ஏரிக்குத் தாய். பிடிக்காதே! இப்படிக்கு, தலைவர்' என்று நானே பெயின்ட் வாங்கிப் போர்டு எழுதி மடுக்கரையில் நட்டேன். நட்ட அன்று முக்கால் மணி நேரம் பேசினேன். இருதயமேரி என்று ஒரு பெண்பிள்ளை, புருஷன் இல்லை, அந்த மடுவில் வலை வீசித்தான் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் வீடு ஓடும். அது எழுந்து, "ரெண்டு மாசம் நாங்க இன்னா சார் பண்றது?" என்று கேட்டது. அதற்கு நான் இன்னொரு கால் மணி நேரம் பேசினேன். வலையை வாங்கிக்கொண்டு வந்து என் மோட்டார் கொட்டகையில் பூட்டினேன், கார்த்திகை முடிந்ததும் கொடுத்து அடுத்த ஐப்பசியில் மறுபடி வாங்கிக்கொள்வது ஏற்பாடு. அது கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கக் கூலிக்குப் போய்விட்டது. பிறகு ஒருநாள் பொம்மையார்பாளையம் கடற்கரையில் ரூம் போட்டுத் தங்கியிருந்த இரண்டு பேர் மடக்குத் தூண்டிலோடு வந்தார்கள். விசில் ஊதினேன், தூண்டிலைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அதையும் கொட்டகையில் வைத்தேன். இவ்வளவும் நான் செய்த நல்ல காரியங்கள். இனிமேல் எழுதப்போவது மற்றது.

தீபாவளிக்கு மறுநாள் தங்கள் வீட்டுக்கு நாங்கள் வந்தபோது இலையில் வஞ்சிரம் வறுவல் வைத்தீர்கள். அருமையாக இருந்தது, அதில் ஒன்றும் குற்றமில்லை. ஆனால் தாங்கள், "நீங்கள்லாம் ஏரி மீன் தின்ற ஆளுங்க சம்பந்தி, அதுல சேத்து வாடை அடிக்கும், இது கடல் மீனு, தைரியமா சாப்பிடுங்க" என்று சொன்னீர்கள். கலைப்பிரியா சிரித்தாள். செல்வகுமாரும் சிரித்தான், அவன் சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. "எங்க மதகடி மடு கெண்டைய ஒரு தபா தின்னு பாத்துட்டு அப்பறம் பேசுங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சொல்லும்போது நான் தலைவர் என்பது எனக்கு ஞாபகம் வரவில்லை, சத்தியம். தாங்கள் உடனே, "அப்ப வர்ற ஞாயிறு வர்றோம்" என்றீர்கள். கூடவே, "ஐஸ் மீனா, அன்னிக்குப் புடிச்ச மீனான்னு மோந்து பாத்தே சொல்லிடுவேன், என்ன ஏமாத்த முடியாது" என்றும் சொன்னீர்கள். அந்த ஒரு வார்த்தை என்னை நாலு நாள் தூங்கவிடவில்லை. கடையில் வாங்கிச் சமாளிக்கலாம் என்ற வழியையும் தாங்களே அடைத்துவிட்டீர்கள்.

ஞாயிறு விடியற்காலை அஞ்சம்மாளிடம் "நடந்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, கொட்டகையைத் திறந்து, பறிமுதல் செய்த தூண்டிலைப் பழைய பேட்மின்டன் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கழுத்தில் விசில். அது இல்லாமல் எனக்கு நடை வராது. கபடி, கோகோ, வாலிபால் எல்லாம் சொல்லிக்கொடுத்த கை இது, மீன் மட்டும் பிடித்ததில்லை. கேப்பை மாவை உருட்டி முள்ளில் குத்தி முதல் வீச்சு வீசினேன், போர்டில் போய் மாட்டிக்கொண்டது. 'பிடிக்காதே'யில் உள்ள காலைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றது. எட்டி எடுத்தேன். இரண்டாவது வீச்சு எங்கே போனதென்றே தெரியவில்லை, நரம்பு அறுந்து முள்ளைக் காணோம். வேறு முள் கட்டி மூன்றாவது வீசினேன், தண்ணீரில் விழுந்தது. உட்கார்ந்துகொண்டு, வா வா என்று ஒரு மனசும் வராதே வராதே என்று ஒரு மனசும் வேண்டிக்கொண்டிருந்தபோதே ஒரு இழுப்பு இழுத்தது பாருங்கள், சம்பந்தி, என் எடை தங்களுக்குத் தெரியும், அந்த எடையோடு படிக்கட்டுப் பாசியில் வழுக்கி இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றேன். தூண்டில் கையில் வளைகிறது, மீன் சுற்றுகிறது, எனக்கு மூச்சு முட்டுகிறது. பதற்றம் வந்தால் விசிலை வாயில் வைப்பது முப்பத்திரண்டு வருஷப் பழக்கம். வைத்தேன். மூச்சு வந்தது. ஊரே அதிர ஒரு விசில். நிறுத்தத் தெரியாமல் இன்னொரு விசில்.

விசில் கேட்டால் எல்லாரும் ஓடி வர வேண்டும் என்று ஊருக்கு உத்தரவு போட்டவனும் நான்தான். ஞாயிற்றுக்கிழமை, ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு ஆள் ஓடி வந்தது, ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த இருதயமேரி. கையில் அரிவாளோடு, "எவன் சார் அவன்? எந்தப் பக்கம் ஓடுனான்?" என்று கேட்டுக்கொண்டே வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா சம்பந்தி? கையை நீட்டி வேலிக்காத்தான் புதரைக் காட்டினேன். அது அந்தப் பக்கம் ஓடுச்சு. வெறுங்காலோடு அந்த முள்ளுக்குள்ள ஓடுச்சு. போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து நின்றது.

"யாரும் காணமே சார்."

"ஓடிட்டான்."

"தூண்டி உங்க கையில கீதே?"

"பறிமுதல் பண்ணேன்."

"மீனும் அதுலயே கீது சார்."

"ஆமா, அதையும்..." என்று ஆரம்பித்தேன்.

அது என்னைப் பார்த்தது. போர்டைப் பார்த்தது. என் வேட்டியின் பின்பக்கம் தொங்கிக்கொண்டிருந்த முள்ளையும் பார்த்தது, காணாமல் போன இரண்டாவது வீச்சு அங்கேதான் இருந்திருக்கிறது. அரிவாளைக் கரையில் வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கியது. நான் மீனைப் பிடிக்கப் போனேன். "வெறுங்கையால தொடாதீங்க சார், கைய நனச்சிக்கினு தொடணும், இல்லன்னா மேல இருக்குற வழவழப்பு போய்டும், அப்பறம் சீக்கு வந்துடும்" என்றது. முக்கால் மணி நேரம் பேசியவனுக்கு அது தெரியாது. முள்ளைக் கழற்றியது. மீனின் தலையைத் தண்ணீர் வருகிற பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "மூச்சு வாங்குது பாருங்க. இப்டியே கொஞ்ச நேரம் புடிச்சிக்கினு இருந்தாதான் தேறும்" என்றது. பிறகு என் கையை எடுத்து மீனின் வயிற்றில் வைத்தது. "சினை. அமுக்காதீங்க." உள்ளே நிறைய இருந்தது, சம்பந்தி. உள்ளங்கை நிறைய. என் வயசுக்கு நான் அழக் கூடாது, மேலெல்லாம் தண்ணீராக இருந்ததால் தெரியவில்லை. மீன் வாலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போனது. அந்த அம்மா என் வேட்டியிலிருந்த முள்ளையும் எடுத்துக் கையில் கொடுத்து, "ஜல்தியா வீட்டுக்குப் போங்க சார். ஈரத்தோட நிக்காதீங்க. யார்னா பாத்துருவாங்க" என்றது. திட்டியிருந்தால் எனக்குத் தேவலை.

இத்தோடு முடிந்திருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். வழியில் எங்கள் குழுச் செயலாளர் தென்னரசு பால் வாங்கப் போய்க்கொண்டிருந்தான். நனைந்த வேட்டியும் கையில் தூண்டிலுமாக என்னைப் பார்த்ததும் அவனே, "இன்னா சார், திருடனா? தண்ணிக்குள்ளயே எறங்கிட்டீங்களா? இந்த வயசுலயா?" என்றான். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தும்மினேன். வீடு வந்து சேர்வதற்குள் வாட்ஸ்அப் குரூப்பில், 'திருடனோடு தண்ணீரில் கட்டிப்புரண்டு தூண்டிலைப் பிடுங்கிய தலைவர்' என்று போட்டோவோடு வந்துவிட்டது. வீட்டில் அஞ்சம்மாளிடம் மட்டும் பாதி உண்மையைச் சொன்னேன். "மீனு கெடைக்கல, செல்வகுமார திண்டிவனம் அனுப்பி வாங்கியாரச் சொல்லு, சம்பந்தி கேட்டா மடு மீனுன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டுக் குளித்து, குளிர் தாங்காமல் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன். எழுந்தபோது தாங்கள் வந்து உட்கார்ந்திருந்தீர்கள்.

இப்போது சொல்கிறேன், மன்னிக்கவும். அன்று தாங்கள் இலையிலிருந்து ஒரு துண்டை எடுத்து மோந்து பார்த்து, கண்ணை மூடி, "இதான் சம்பந்தி மடு மீனு! ஐஸ்ல வெச்ச மீனுக்கு இந்த வாசம் வருமா? தண்ணியோட ஓட்டம் தெரியுது சதையில" என்று சொன்னீர்களே, அது திண்டிவனம் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த வளர்ப்பு மீன். தங்கள் மூக்கைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. என் பொய்யைச் சொல்ல வரும்போது தங்கள் மூக்கு நடுவில் வந்துவிடுகிறது, நான் என்ன செய்வேன்? தாங்கள் அதைத் திருவாமாத்தூர் கோயிலில் பார்த்தவரிடமெல்லாம் சொல்லி, பதினாலு பேருக்கு ஆசை காட்டி, வேனும் பேசிவிட்ட பிறகு மறைக்க முடியவில்லை.

போன புதன்கிழமை குழுக் கூட்டம். எனக்குச் சால்வை போட்டார்கள். வேண்டாம் என்று கையைத்தான் ஆட்டினேன், கழுத்தைக் குனிந்து கொடுத்துவிட்டேன். கைதட்டினார்கள். மூன்றாவது வரிசையில் இருதயமேரியம்மா உட்கார்ந்திருந்தது. அதுவும் தட்டியது. கேலியாகத் தட்டவில்லை. தட்டாவிட்டால் பக்கத்தில் இருக்கிறவர்கள் ஏன் என்று கேட்பார்களே என்பதற்காகத் தட்டியது. சால்வை கழுத்தில் அரித்ததுபோல எனக்கு எந்த விருதும் அரித்ததில்லை.

நேற்று சாயங்காலம் கொட்டகையிலிருந்து வலையை எடுத்துக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். வாசலில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தது. "வலைய வெச்சிக்கோம்மா. நான் தலைவர் பதவிய உட்டுர்றேன். கூட்டத்துல எல்லாத்தையும் சொல்லிர்றேன்" என்றேன். அது எழுந்து நின்று, "வலை அங்கியே இருக்கட்டும் சார், இன்னும் ஒரு மாசம் கீது. இப்ப குடுத்தீங்கன்னா எனுக்கும் ஆசை வரும்" என்றது. "கூட்டத்துல சொல்லாதீங்க. சொன்னீங்கன்னா நாளைக்கே ஆளாளுக்கு வலைய எடுத்துக்கினு வந்துருவாங்க, தலைவரே புடிச்சாரு நமக்கு இன்னான்னு. மீனுதான் பேஜாராப் பூடும். முட்டை உட்டு, குஞ்சு பொறிச்சி, ஏரிக்கு எறங்கட்டும். கார்த்திகை முடிஞ்சதும் சொல்லிக்கோங்க. அதுவரைக்கும் உங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும், இருங்க" என்றது. வெளியே வரும்போது, "அந்த மீனு இருக்குமாம்மா?" என்று கேட்டேன். கையிலிருந்த மல்லாட்டையை உரித்து முறத்தில் போட்டுவிட்டு, "போய்ட்டுது சார்" என்றது. எனக்கு அந்த ஒன்றுதான் ஆறுதல், போய்விட்டது, எங்கேயாவது நாணலடியில் முட்டை இட்டுக்கொண்டிருக்கும்.

ஆக, ஊரில் சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. தங்கள் ஒருவரிடமாவது சொல்லி இறக்கி வைக்கலாம் என்றுதான் நாலு பக்கம் எழுதிவிட்டேன். வேனை நிறுத்திவிடுங்கள். நண்பர்களிடம், கோதண்டபாணிக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடுங்கள், மறுபடியும் பொய்தான், ஆனால் லேசாக இருக்கிறது என்பது உண்மை.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். தங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் நல்ல பசியும் கொடுக்க மயிலம் முருகனை வேண்டிக்கொள்கிறேன். வயதில் தாங்கள் என்னைவிட எட்டு மாதம் மூத்தவர், அந்த முறையில் என்னை மன்னிக்கவும்.

இப்படிக்கு,
தலை நிமிராமல்,
கோதண்டபாணி

பின்குறிப்பு: கவரில் போட்டு ஒட்டுவதற்காக அஞ்சம்மாளிடம் பசை கேட்டேன். "யாருக்கு?" என்று வாங்கிப் படித்தாள். முதலில் சிரித்தாள். மூன்றாவது பக்கத்தில் சிரிப்பை நிறுத்தினாள். கடைசிப் பக்கம் முடித்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இத அனுப்பாதீங்க. சம்பந்தி சொன்னதுதான் சரி" என்றாள். அன்று நான் போர்த்திக்கொண்டு படுத்த பிறகு இருதயமேரியம்மா கொல்லைப்பக்கம் வந்ததாம். பூசணி இலையில் சுற்றி அந்த மீனைக் கொண்டுவந்ததாம். நான் போன அரை மணியில் அது நாணலோரம் வயிறு மேலாக மிதந்ததாம், முள் செவுளைக் கிழித்திருந்ததாம். "சாருக்குத் தெரிய வாணாம்மா, மனசு உட்டுருவாரு. உசுரு வீணாப் போவக் கூடாது, கொழம்பு வெச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனதாம். அஞ்சம்மாள் உடனே செல்வகுமாருக்குப் போன் போட்டு, மீன் வேண்டாம், கோழி வாங்கிட்டு வா என்று சொல்லியிருக்கிறாள். தாங்கள் அன்று சாப்பிட்ட கோழி வறுவல்தான் திண்டிவனம். குழம்பு மடு மீன்தான். தங்கள் மூக்கிடம் நான் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்றைக்குக் குழம்பில் சினை இருந்தது. நல்லா இருக்கே என்று இரண்டாம் தரம் கேட்டு வாங்கித் தின்றது நான்.

சம்பந்தி, வேனை நிறுத்த வேண்டாம். பதினாலு பேரும் வரட்டும். கத்தரிக்காய் மல்லாட்டைக் குழம்புதான் இருக்கும், சாதத்துக்கு முன்னால் அவர்களை உட்கார வைத்து நான் கொஞ்சம் பேச வேண்டும். இந்த ஊர்க்காரர்களிடம்தான் ஒரு மாதத்துக்குச் சொல்லக் கூடாது, விழுப்புரத்துக்காரர்களிடம் சொல்லலாம் என்று இருதயமேரியம்மாவிடம் இப்போதுதான் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். "கதவ சாத்திக்கினு சொல்லுங்க" என்றது. முக்கால் மணி நேரம் பேச மாட்டேன், ஐந்து நிமிஷம்தான். தூண்டில் மட்டும் யாரும் எடுத்து வர வேண்டாம்.